கடை திறக்கும் நேரம் தேடிய நோபல் அறிஞரும், வைரஸ் கொல்லாமலே செத்துப்போன எலியும்

[திரையில்: நான்கே சொற்கள் கொண்ட ஒரு ட்விட்டர் பதிவு]

"டான் மர்பி திறக்கும் நேரம்."

பதிவு அவ்வளவுதான். நாள் 2020 ஏப்ரல் 27. கொரோனாவுக்குப் பயந்து ஆஸ்திரேலியா கதவடைத்துக் கிடந்த நேரம். டான் மர்பி என்பது அந்த நாட்டில் ஊர் ஊராகக் கிளை பரப்பியிருக்கும் மதுக்கடை. கூகுளில் தேட வேண்டியதை ட்விட்டரில் போட்டுவிட்டார் ஒரு பெரியவர். வயது 79. பெயர் பீட்டர் டோஹர்ட்டி. மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நாடே வயிறு குலுங்கச் சிரித்தது.

நானும் சிரித்தேன். பிறகு, இவருக்கு எதற்காக நோபல் கொடுத்தார்கள் என்று தேடப்போய் மூன்று நாள் தூக்கத்தைத் தொலைத்தேன். அந்தத் தூக்கத்துக்கு ஈடாகத்தான் இந்தக் காணொலி. லைக் பொத்தானை இப்போதே அழுத்திவிடுங்கள்; நடுவில் நிறுத்திக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாக முடித்துவிடுகிறேன். 1940-இல் பிரிஸ்பேனில் பிறந்தார். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்தார். ஆம், மாட்டு டாக்டர்! கால்நடை மருத்துவம் படித்தவர்களில் மருத்துவ நோபலை முதலில் வாங்கியவர் இவர்தான். எடின்பரோவில் முனைவர் பட்டம். அங்கே அவர் ஆராய்ந்தது உண்ணி கடித்துப் பரவும் ஒரு வைரஸ், ஆட்டின் மூளையில் என்ன செய்கிறது என்பதை. பிறகு நாடு திரும்பி, கான்பராவில் உள்ள ஜான் கர்ட்டின் மருத்துவ ஆராய்ச்சிப் பள்ளியில் சேர்ந்தார். வாழ்க்கைக் குறிப்பு முடிந்தது. ஆட்டு மூளையை மட்டும் மறந்துவிடாதீர்கள், அது திரும்பி வரும்.

1973-இல் அதே இடத்துக்கு சுவிட்சர்லாந்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார், ரோல்ஃப் சிங்கர்நாகல். அவர் சேர வந்த குழுவின் ஆய்வகத்தில் இடம் இல்லை. டோஹர்ட்டியின் அறையில் கொஞ்சம் இடம் இருந்தது. "அங்கே போய் உட்காருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான். மேசை தட்டுப்பாடு வாங்கிக் கொடுத்த நோபல் என்றுகூடச் சொல்வேன்.

இனி எலி.

எல்சிஎம் என்று ஒரு வைரஸ். அதை எலியின் மூளைக்குள் ஊசி வழியாகச் செலுத்தினால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூளையுறை வீங்கி எலி செத்துவிடும். வைரஸ் கொன்றுவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அந்த வைரஸ் தான் குடியேறிய செல்லைப் பெரிதாகச் சேதப்படுத்துவதே இல்லை. எலியின் நோயெதிர்ப்பை மருந்து கொடுத்து முடக்கிவிட்டு அதே ஊசியைப் போடுங்கள். உடம்பெல்லாம் வைரஸைச் சுமந்தபடி எலி உயிரோடு இருக்கும். கொலையாளி எலியின் சொந்தக் காவல்படை. டி செல் என்னும் வெள்ளையணுக்கள் மூளைக்குள் புகுந்து, வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களை எல்லாம் போட்டுத்தள்ள, அந்தச் சண்டையில் எலி போய்ச்சேருகிறது. வீட்டுக்குள் புகுந்த திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்திய கதை.

அந்த டி செல்களை நோய் நடக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்றால், எலியின் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தை எடுக்க வேண்டும். சுண்டெலியின் தலை எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். உள்ளே இருக்கும் திரவம் ஒரு எலிக்கு ஒரு துளிகூடத் தேறாது. அதைக் கழுத்தின் பின்புறமாக, இரத்தம் கலக்காமல் உறிஞ்சி எடுக்கும் கைப்பழக்கம் டோஹர்ட்டியிடம் இருந்தது. ஆட்டு மூளை திரும்பி வந்துவிட்டதா? சிங்கர்நாகலிடம் இருந்தது வேறொரு வித்தை. டி செல்கள் மற்ற செல்களைக் கொன்றனவா இல்லையா என்பதை எண்ணிக்கையில் காட்டும் சோதனை.

அந்தச் சோதனை அழகானது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

[திரையில்: சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, மேலிருந்து]

ஒவ்வொரு குழியின் அடியிலும் எலி செல்கள். அவை குரோமியம்-51 என்ற கதிரியக்கப் பொருளைக் குடித்திருக்கின்றன. செல் உயிரோடு இருக்கும்வரை குரோமியம் உள்ளேயே இருக்கும். செத்தால் சவ்வு கிழிந்து வெளியே கசியும். இந்தச் செல்களில் வைரஸை ஏற்றி, மேலே டி செல்களை ஊற்றிச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்துக் கதிரியக்கத்தை அளக்க வேண்டும். எண் பெரிதாக வந்தால் கீழே படுகொலை நடந்திருக்கிறது. சிறிதாக வந்தால் அமைதி. கொலையைக் கண்ணால் பார்க்கத் தேவையே இல்லை, கசிந்ததை அளந்தால் போதும்.

முதல் சுற்றிலேயே பெரிய எண். இருவருக்கும் மகிழ்ச்சி. அடுத்ததாக, எந்த வகை எலிக்கு நோய் கடுமையாக வருகிறது, அதன் டி செல்கள் எவ்வளவு மூர்க்கமாகக் கொல்கின்றன என்று ஒப்பிடப் பல வகை எலிகளை எடுத்தார்கள். எல்லா எலிகளுக்கும் அதே ஊசி. எல்லா எலிகளுக்கும் நோய் வந்தது. ஆனால் தட்டில்?

சில வகை எலிகளின் டி செல்கள் வெளுத்து வாங்கின. மற்ற வகைகளின் டி செல்கள் கை கட்டி நின்றன. சொந்த எலியின் மூளையில் அத்தனை ஆட்டம் போட்ட அதே கூட்டம், தட்டில் வைரஸ் நிறைந்த செல்லைக் கண்முன்னே வைத்தும் தொடவில்லை!

இந்த இடத்தில் நானாக இருந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று தட்டைக் குப்பையில் போட்டிருப்பேன். அவர்கள் பட்டியலை உற்றுப் பார்த்தார்கள். தட்டில் இருந்த செல்கள் எல்லாம் சி3எச் என்ற ஒரே வகை எலியிலிருந்து வந்தவை. கொன்ற எலிகள் அனைத்தும் அந்த வகையோடு திசுப்பொருத்தம் உடையவை. கொல்லாதவை பொருந்தாதவை. பொருந்தும் தாய்க்கும் பொருந்தாத தந்தைக்கும் பிறந்த கலப்புக் குட்டிகள்? அவற்றின் டி செல்களும் கொன்றன. முதல் சுற்றில் எடுத்த எலி தற்செயலாகப் பொருந்தும் வகையாக இல்லாதிருந்தால், வேலை செய்யாத சோதனை என்று அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள்.

இதற்கு என்ன பொருள்? டி செல் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை. வைரஸையும், அதைத் தாங்கி நிற்கும் செல் தன் இனமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது.

இதைப் புரியவைக்கப் பலரும் அடையாள அட்டை உவமையைச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அட்டையைக் காட்டினால் ஆளை விட்டுவிடுவார்கள். இங்கே காட்டினால் கொல்கிறார்கள். என் உவமை டாக்டரின் மருந்துச்சீட்டு. அந்தக் கிறுக்கலை உலகத்தில் யாராலும் படிக்க முடியாது, அவருடனே பல காலம் வேலை பார்த்த மருந்தாளுநரைத் தவிர. சீட்டில் இருக்கும் செய்தி முக்கியம். எழுதிய கையும் முக்கியம். அதே மருந்தை வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தால், நம் மருந்தாளுநர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழிப்பார். வைரஸ் புகுந்த செல், "எனக்குள் ஆள் இருக்கிறது" என்று தன் மேற்பரப்பில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு எலி வகைக்கும் ஒரு கையெழுத்து. டி செல் பழகியது தன் உடம்பின் கையெழுத்தை மட்டுமே. அந்தக் கையெழுத்தைப் போடும் புரதங்களுக்குத்தான் எம்எச்சி என்று பெயர்.

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா? செல் உலகத்தில் அது அப்படியே உண்மை. படிக்கும்படி எழுதிய செல்லின் தலையெழுத்து மரணம்.

[இரண்டு நொடி மௌனம். இந்த வரியை நான் ரசித்துக்கொள்ள.]

இனி, ஆய்வாளர்களையே அசரவைத்த பகுதி. எம்எச்சி அப்போதே தெரிந்த பொருள்தான். உறுப்பு மாற்று அறுவையில் புதிய உறுப்பை உடல் ஏன் தள்ளுகிறது என்று தேடியவர்கள் அதைக் கண்டிருந்தார்கள். ஆனால் காட்டில் எந்த எலியும் இன்னொரு எலியின் சிறுநீரகத்தை வாங்கிப் பொருத்திக்கொள்வதில்லை. பிறகு எதற்கு இயற்கை இந்தப் புரதங்களை வைத்திருக்கிறது? கான்பராவின் பிளாஸ்டிக் தட்டு பதில் சொன்னது. அவற்றின் அசல் வேலை தொற்றைக் காட்டிக்கொடுப்பது. உறுப்பைத் தள்ளுவது, அந்நியக் கையெழுத்தைக் கண்டு குழம்பிய காவல்படையின் பக்கவிளைவு. 1974 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரண்டே பக்கத்தில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பக்கம்! என் கல்லூரி ஆய்வறிக்கையின் நன்றியுரையே அதைவிட நீளம்.

ஆளுக்கு ஆள் ஏன் இத்தனை வேறுபட்ட கையெழுத்து? எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால், அந்த எழுத்தில் எழுதவே முடியாத ஒரு வைரஸ் வந்து மொத்த இனத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். எச்ஐவியில் இதன் நிழலைப் பார்க்கலாம். எச்எல்ஏ-பி57 என்ற எம்எச்சி வகை உள்ளவர்களில் பலருக்கு நோய் மெதுவாகவே முற்றுகிறது.

கையெழுத்தை நேரில் பார்க்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பமீலா பியார்க்மன் உள்ளிட்ட ஹார்வர்டு குழு, எம்எச்சி புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிர் படிகவியலால் வரைந்தது. உச்சியில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஏதோ ஒரு புரதத் துணுக்கு. சீட்டும் செய்தியும் ஒன்றாகவே அகப்பட்டன. 1996-இல் இருவருக்கும் நோபல்.

டோஹர்ட்டி அதன் முன்னும் பின்னும் சும்மா இருக்கவில்லை. பிலடெல்பியா, மீண்டும் கான்பரா, பிறகு மெம்பிஸில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை. பல்லாண்டுகள் இன்ஃப்ளூயன்ஸா, அதாவது ஃப்ளூ காய்ச்சல் வைரஸ் பற்றிய ஆராய்ச்சி. அந்த வைரஸ் ஆண்டுதோறும் மேல்சட்டையை மாற்றி எதிர்ப்பொருள்களை ஏமாற்றிவிடும். உள்ளே இருக்கும் புரதங்கள் அவ்வளவாக மாறுவதில்லை, டி செல் படிப்பதும் பெரும்பாலும் அவற்றின் துணுக்கைத்தான். எல்லா வகை ஃப்ளூவுக்கும் ஒரே தடுப்பூசி என்ற கனவுக்குப் பலர் இந்த வழியையும் நம்புகிறார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது, ஆனால் இன்னும் கைக்கு வரவில்லை.

2014-இல் மெல்பர்னில் அவர் பெயரிலேயே தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில், சீனாவுக்கு வெளியே புதிய கொரோனா வைரஸை முதன்முதலில் வளர்த்துக் காட்டியது அந்த நிறுவனம்தான். மூன்று மாதம் கழித்து, யாருடைய பெயர் அந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறதோ அவர் தம் வீட்டில் உட்கார்ந்து, தொற்று பற்றி ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு ட்விட்டரில் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நாள், கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அவருக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது.