தாழ்வாரத்துக்கு ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவதுதான் இருபத்தாறு வருடங்களாக என் தொழில். ஒரு வளாகத்தில் புதுக் கட்டடம் எழும்பும்போது முதலில் வெட்டுப்படும் இடம் எது, அதை ஏன் வெட்டக் கூடாது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் ஒரு கட்டடம் வேண்டும் என்று முடிவெடுத்ததும் எங்கள் கைக்கு ஒரு தேவைப் பட்டியல் வரும். வகுப்பறை பன்னிரண்டு, ஆய்வகம் நான்கு, துறைத் தலைவர் அறை இரண்டு, கருத்தரங்கக் கூடம் ஒன்று, கழிப்பறைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சதுர அடி. கடைசி வரியில் தாழ்வாரம், மாடிப்படி எல்லாவற்றையும் சேர்த்து ‘சர்குலேஷன்’ என்று ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். எஸ்டிமேட் கூடிப்போனால் கூட்டத்தில் எல்லோருடைய விரலும் அந்த வரியில்தான் போய் நிற்கும். “சர்குலேஷன் ரொம்ப அதிகமா இருக்கே, கொஞ்சம் குறைங்க மேடம்.” வகுப்பறையைக் குறைக்கச் சொன்னால் பேராசிரியர்கள் எழுந்து நிற்பார்கள். ஆய்வகத்தைத் தொட்டால் துறையே வந்து நிற்கும். தாழ்வாரத்துக்காகப் பேச அந்த அறையில் யாரும் இருப்பதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று மாடி அறிவியல் கட்டடம். பத்தடி அகலம் வைத்திருந்த தாழ்வாரத்தை ஆறடியாக்கினேன். மாடிப்படிக்கு முன்னால் விட்டிருந்த திறந்த இடத்தில் ஒரு ஸ்டோர் ரூம் வந்தது. எஸ்டிமேட் பாஸ் ஆனது. கட்டடம் திறந்து இரண்டு வருடம் கழித்து, கூரையில் கசிவு என்று கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது மதியம் ஒரு மணிக்கு. மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள். படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு. கேன்டீனில் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கே உட்கார இடம் இல்லை, இவர்கள் எங்கே போவார்கள்? வகுப்பறையை மதிய நேரத்தில் பூட்டிவிடுவார்களாம்.

நான் மேலே ஏற வழி வேண்டும். ஒரு பெண் மடியிலிருந்த டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலைச் சுவரோரம் ஒடுக்கி, “போங்க மேடம், பரவால்ல” என்றாள். எலுமிச்சை சாதம், மூடியில் கொஞ்சம் உருளைக்கிழங்கு. அவளைத் தாண்டி ஏறும்போது என் புடவைத் தலைப்பு அந்த டப்பாவில் படாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படியின் அளவை நிர்ணயித்தவள் நான். ஏறி இறங்கத்தான் அது என்று நினைத்துப் போட்ட அளவு.

பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் வகுப்பறையில் இருக்கும் நேரம் எவ்வளவு, அதற்கு வெளியே இருக்கும் நேரம் எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்ப்பதே இல்லை. ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, ஆசிரியர் வராத மணி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாலை, எல்லாம் வெளியேதான். வகுப்பில் கேட்கத் தயங்கிய சந்தேகத்தை ஆசிரியரின் பின்னாலேயே நடந்துபோய்க் கேட்பதும் தாழ்வாரத்தில்தான். அந்த இடத்துக்குத்தான் நாம் ஒரே ஒரு வரி எழுதுகிறோம், அதையும் அடிக்கிறோம்.

இதை மாற்றி யோசித்துக் கட்டிய ஒரு வளாகம் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. 1973-ல் தொடங்கப்பட்ட இந்திய மேலாண்மைக் கழகம். வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருதை 2018-ல் பெற்றவர், அதைப் பெற்ற முதல் இந்தியர். அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி நகரத்தையும், சந்து சந்தாகப் பிரிந்து போகும் நம் பழைய நகரங்களையும் கோயில்களையும் மனதில் வைத்து அவர் அந்த வளாகத்தைப் போட்டார். சாம்பல் நிறக் கருங்கல் சுவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நீளமான நடைகள். அவைதான் அங்கே உயிர்நாடி. ஓரிடத்தில் தலைக்கு மேல் முழுக்கூரை, கொஞ்ச தூரம் நடந்தால் வெறும் உத்தரங்கள் மட்டும், இடையில் வானம். உத்தரங்களில் கொடி படர்ந்திருக்கும். வெயில் நகர நகரத் தரையில் நிழலும் நகரும். பிராகாரத்தில் நடக்கிற உணர்வு. ஒதுங்கி நின்று பேசவும், சுவரில் சாய்ந்து உட்காரவும் வழிநெடுக இடம்.

அதைப் பார்த்துவிட்டு வந்து சென்னையிலோ திருச்சியிலோ அப்படியே கட்டினால் தவறாகப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரு வெயில் வேறு, நம் மே மாத வெயில் வேறு. இங்கே திறந்த உத்தரத்துக்குக் கீழே மதியம் யாராலும் நிற்க முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். வடக்குப் பக்கம் வெயிலே படாது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு நாங்கள் போடுகிற கணக்கு இங்கே அப்படியே செல்லாது. கட்டடத்தை நீளவாக்கில் கிழக்கு மேற்காகப் போட்டு, வடக்கிலும் தெற்கிலும் சன்னல் வைத்து, இரண்டு பக்கமும் சன்ஷேடு கொடுத்து, தாழ்வாரத்தைத் தெற்கே வைத்தால் வகுப்பறைச் சுவர் சூடேறாது. மேற்கே மாடிப்படியையும் கழிப்பறையையும் தள்ளிவிடலாம். கேட்டைப் பார்த்து முகப்பு இருக்க வேண்டும் என்பதற்காக நீளமான கண்ணாடிச் சுவரை மேற்கே திருப்பிவிட்டு, அப்புறம் அறைக்கு அறை ஏசி மாட்டுகிற வழக்கம் இப்போது பெருகிவருகிறது. அதன் மின்கட்டணத்தை அந்தக் கல்லூரி ஐம்பது வருடம் கட்டும்.

இலங்கையின் தென்கோடியில், மாத்தறையில், ருஹுணு பல்கலைக்கழகம் இருக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1980-களில் கட்டியது. அரசுப் பணத்தில் கட்டிய அரசுப் பல்கலைக்கழகம் என்பதை மறந்துவிட வேண்டாம், ஏனென்றால் ‘நிழல், முற்றம் எல்லாம் பணக்கார நிறுவனங்களுக்குச் சரிப்படும்’ என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது கடலைப் பார்த்த மேடும் பள்ளமுமான நிலம், அதில் குன்றுகள். குன்றை வெட்டிச் சமன் செய்து ஒரு பெரிய கட்டடம் எழுப்பியிருக்கலாம். அவர் செய்தது வேறு. ஏறத்தாழ ஐம்பது சிறு கட்டடங்களாகப் பிரித்து, சரிவு போகிற போக்கில் அமைத்து, கூரையிட்ட நடைகளால் கோத்தார். குன்றுகளுக்கு நடுவிலிருந்த தாழ்வான நிலத்தில் நீரைத் தேக்கி ஏரியாக்கினார். நெடுஞ்சாலை இரைச்சலுக்கும் வகுப்புகளுக்கும் நடுவே இப்போது தண்ணீர் இருக்கிறது.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குவதுதான் நம் முதல் வேலையாக இருக்கிறது. ஊருக்கு வெளியே பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கப்படும் நிலத்தில் பல நேரம் ஒரு வாய்க்காலோ, தூர்ந்துபோன குளமோ இருக்கும். கோடையில் போய் நிலத்தை அளந்தால் அது கண்ணிலேயே படாது. ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நின்று பார்க்காமல் நான் இப்போது எந்த வரைபடத்திலும் கட்டடத்தை நிறுத்துவதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகுதான் மண் பரிசோதனைக்கு எங்கே துளை போடுவது என்பதையே முடிவு செய்கிறேன்.

ருஹுணுவில் ஒரு குறையும் உண்டு. குன்றில் பரவிய வளாகத்தில் படி ஏறாமல் போய்ச்சேர முடியாத இடங்கள் வந்துவிடும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அழகான படிக்கட்டு ஒரு சுவர்தான். நம் நாட்டில் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் புதுக் கட்டடங்களில் பெரும்பாலும் சாய்தளம் வைக்கிறார்கள், ஆனால் எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஓர் அடி உயர பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தரைமட்டம் மூன்றடி உயரம் என்றால் முப்பத்தாறு அடிச் சாய்தளம், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு மேடை. முன்வாசலை வரைந்து முடித்த பிறகு இதற்கு இடம் தேடினால் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் பக்கத்தில்தான் கிடைக்கும். எல்லோரும் ஒரே வாசலில் நுழைய வேண்டும் என்றால் முதல் நாள் பென்சில் கோட்டிலேயே அது இருக்க வேண்டும்.

முதல் நாள் யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். துணைவேந்தர், பதிவாளர், பொறியாளர், துறைத் தலைவர்கள், இவர்கள் எல்லோரும் கூட்டத்தில் இருப்பார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அம்மாக்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை நான் போய்க் கேட்டேன். “மாடிக்கு மாடி ஒரு குழாய் வையுங்கம்மா, வாளியைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏற முடியல. தொடப்பத்தை வைக்க ஒரு மூலை வேணும்” என்றார் ஒருவர். அடுத்த கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் நான்கடிக்கு நான்கடி ஓர் அறை, அதில் தரையோடு ஒரு தொட்டி, மேலே குழாய். செலவு பெரிதாக ஏறவில்லை.

இப்போது ஒரு கலைக்கல்லூரிக்குப் புது வகுப்பறைக் கட்டடம் வரைந்துகொண்டிருக்கிறேன். தேவைப் பட்டியல் வந்ததும் அதில் நானே ஒரு வரி சேர்த்தேன்: ‘திண்ணை, 1,200 சதுர அடி’. சர்குலேஷனோடு சேர்க்காமல், வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில், தனி எண் கொடுத்து. தாழ்வாரத்தின் ஓரம் நெடுக ஒன்றேகால் அடி உயரம், இரண்டடி அகலம். காலை மடித்தும் உட்காரலாம், தொங்கவிட்டும் உட்காரலாம், நடுவில் சாப்பாட்டு டப்பாவை வைக்கலாம். கடைசியில் கை கழுவக் குழாய்.

நிதி அலுவலர் அந்த வரியில் விரலை வைத்து, “இது எதுக்கு மேடம்?” என்றார்.

அந்த மாடிப்படியையும் எலுமிச்சை சாதத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நானும் படியில உட்கார்ந்து சாப்பிட்டவன்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த வரியை அவர் அடிக்கவில்லை. தை மாதம் அஸ்திவாரம் தோண்டுகிறோம்.

நன்றி, வணக்கம்.