காப்பகத்து நாயை எப்படி வழியனுப்புவது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

தொண்டியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி நாலு நாளாக மனதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. "அண்ணே, காப்பகத்தில் ஒரு பெட்டை நாய் என்மேல் உயிரையே வைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு வீட்டில் தத்தெடுக்கிறார்கள். அன்றைக்குப் போனால் அழுதுவிடுவேன். போகாவிட்டால், விட்டுவிட்டாள் என்று அது நினைக்காதா?"

போங்கம்மா, அவசியம் போங்கள். அழுகையை மட்டும் வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் பதறினால் அதுவும் பதறும், வண்டியில் ஏற மறுக்கும்.

பழைய பேச்சுகளில் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்: நாய்க்கு வாசம்தான் வீடு. செவலை என்றொரு நாயை வைத்துச் சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களிடம் வந்தவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையில் மீன் கழிவு விழாது. அதையே நம்பிக் கிடக்கும் நாய்கள் எலும்பும் தோலுமாகிவிடும். இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அப்படி மண்டபம் கரையில் பின்னங்கால் வீங்கிக் கிடந்தவனைத் தூக்கி வந்தோம். நாட்டுப்படகுக்காரர்கள் கொடுத்த சூடை மீனை முள் கரையும்வரை வேகவைத்து, சோற்றில் பிசைந்து போட்டுத் தேற்றினோம். நாலு மாதம். அப்புறம் திருப்புல்லாணிப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் குடும்பம் ஒன்று வந்து கேட்டது.

போகிற அன்று, ஒரு வாரம் துவைக்காமல் கட்டியிருந்த என் சாரத்தை, அதான் கைலியை, கூடவே கொடுத்தேன். லோடு ஆட்டோவில் ஏறியதும் அதன் மடிப்புக்குள் மூக்கை விட்டுப் படுத்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியே இருந்தது.

தேடாதா என்றால், தேடும். சில நாள் வாசலையே பார்க்கும், பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிடும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்துக்காரர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய, பழக்கம் படிய, அது தன் வீடாக. கூடக் குறைய இருக்கும். அந்த முதல் நாட்களில் மட்டும் பார்க்கப் போய்விடாதீர்கள். இப்படித் தத்துப் போன கருப்பி என்ற நாயை நான் மூன்றாம் நாளே பார்க்கப் போனேன். கிளம்பும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு என் பைக் பின்னால் ஓடி வந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் தேடி, சீமைக்கருவேலங் காட்டுக்குள்ளிருந்து மீட்டோம். உடம்பெல்லாம் முள். என் ஆசைக்கு அவள் பட்ட பாடு அது.

சரி, தங்கச்சி, இன்னொன்றும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்: அந்த வீட்டாரிடம் என்ன சொல்லி அனுப்புவது? அதற்குத்தான் அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். வெறிநோய் ஊசி போட்ட தேதியை அட்டை சொல்லும். எந்தச் சத்தத்துக்கு நடுங்கும், எங்கே தடவினால் சீறும், என்ன சொல்லிக் கூப்பிட்டால் வரும் என்பதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். செவலைக்கு இரண்டு பக்கம் எழுதினேன். 'இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவான், விரட்ட வேண்டாம்' என்பதுதான் முதல் வரி.

மறந்துவிடுமோ என்றும் கவலை வேண்டாம். பரிணாமக் கொள்கை சொன்ன விஞ்ஞானி டார்வின் 5 வருடம் 2 நாள் பிரிந்திருந்துவிட்டுத் தன் நாயின் ஞாபகத்தைச் சோதித்தார். லாயத்துப் பக்கம் போய்ப் பழையபடி குரல் கொடுத்தார். அது துள்ளிக் குதிக்கவில்லை. அரை மணி நேரம் முன்னால் பிரிந்ததுபோல் பின்னாலேயே நடந்து வந்தது, சொன்னபடி கேட்டது. இதை முன்பே சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு மனது நிறைகிறது.

தையில் செவலையைப் பார்க்கப் போனேன். அவனும் குதிக்கவில்லை. வந்து என் காலை மோந்தான், பழையபடி இடது பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தான். ஆடுகள் கலையவும் அங்கே ஓடிவிட்டான். அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்: "ஐப்பசி மழையில இடி இடிச்சப்பல்லாம் உன் சாரத்துக்குள்ளதாம்ப்பா தலையை விட்டுக்கிட்டுக் கிடந்தான். நான் விரட்டவே இல்லை."