டிரில் அறிவிப்பு வந்து பத்து வருஷமாச்சு, வெள்ளி எங்கே? (நேயர் சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒருத்தரோட கேள்வியைத்தான் எடுத்திருக்கேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "சார், வெளிநாட்டு வெள்ளிக் கம்பெனிங்க டன்னுக்கு 1,000 கிராம் வெள்ளி கிடைச்சிருக்குன்னு அறிவிக்கிறாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா ஒரு கட்டி வெள்ளிகூட வெளியே வரலை. ஏமாத்து வேலையா இது? நம்ம நாட்டுல வெள்ளிச் சுரங்கமே இல்லையா?"

ரெண்டு கேள்வி இருக்கு. முதல் கேள்விக்குத்தான் நேரம் ஆகும், அதை முதல்ல பாத்துடலாம்.

ஏமாத்துறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நேர்மையா வேலை செய்யறவங்களுக்கும் பத்து, இருபது வருஷம் ஆகத்தான் செய்யும். ஏன்னு புரியணும்னா ஒரு நிஜமான சுரங்கத்தோட கதையைச் சொல்றதுதான் சரி. மெக்சிகோவுல சகடேகாஸ் மாநிலத்துல ஃப்ரெஸ்னியோன்னு ஒரு ஊர். 1500கள்ல இருந்து வெள்ளி தோண்டுற ஊர் அது. அதுக்குப் பக்கத்துல இருக்கிற சுரங்கம் ஹுவானிசிபியோ. இன்னைக்கு உலகத்துல தரமான வெள்ளித் தாது எடுக்கிற சுரங்கங்கள்ல அதுவும் ஒண்ணு.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. நானூறு அம்பது வருஷமா அந்த ஊர்க்காரங்க வெள்ளி தேடுறாங்க. ஹுவானிசிபியோ நிலத்து மேலேயே நடந்திருக்காங்க. ஆனா கண்டுபிடிக்கல. ஏன்னா மேல வெள்ளி இல்ல. நிலத்துல வெளுத்துப் போன களிமண் பாறைதான் கிடந்தது.

அந்த வெளுத்த பாறைதான் துப்பு. பூமிக்குள்ள இருந்து வெந்நீர் பாறை வெடிப்பு வழியா மேல ஏறி வருது. வெள்ளி அதுல கரைஞ்சிருக்கு. மேல வர வர அழுத்தம் குறையுது. ஒரு ஆழத்துக்கு வந்ததும் தண்ணி கொதிச்சிடுது. பிரஷர் போகாம குக்கர் மூடியைத் திறந்தா உள்ள இருக்கிறது குபீர்னு பொங்குமில்ல, அதே கதைதான். அப்படிக் கொதிக்கும்போது வாயுக்கள் பிரிஞ்சு போயிடுது, வெள்ளியால கரைசல்ல நிக்க முடியல. வெடிப்போட சுவர்ல குவார்ட்ஸோட சேர்ந்து படிஞ்சிடுது. இப்படி நிறைஞ்ச பட்டையைத்தான் வெயின்னு சொல்றோம். மேல போன நீராவி அமிலமா மாறி, மேல்பாறையை அரிச்சுக் களிமண்ணாக்கிடுது. ஆக, மேல களிமண், சில நூறு மீட்டர் கீழ வெள்ளி. பீட்டர் மெகாங்கிற புவியியலாளர் இந்தக் கணக்கை நம்பி அந்த நிலத்தைப் பிடிச்சார். அவர் சேர்ந்து தொடங்கின மேக் சில்வர் கம்பெனி 2003 வாக்குல டிரில் பண்ண, அதாவது பாறைக்குள்ள ஆழமாத் துளை போட்டு மாதிரி எடுக்க ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல பக்கத்துலயே பெரிய சுரங்கம் வச்சிருந்த பென்யோலெஸ் குழுமம் கூட்டு சேர்ந்தது. வால்தெகான்யாஸ்னு பேர் வச்ச பெரிய வெயின் சிக்குச்சு. கூட்டுல 56 சதவீதம் பென்யோலெஸ் குழுமத்துக்கு, 44 சதவீதம் மேக் சில்வருக்கு.

வெள்ளி 2005 வாக்குலயே கிடைச்சாச்சு. தாதுவை அரைச்சு வெள்ளியைப் பிரிக்கிற ஆலையில வணிக உற்பத்தி தொடங்கியாச்சுன்னு அறிவிச்சது எப்போ தெரியுமா? 2023 ஜூன். நடுவுல இவ்வளவு வருஷம் என்னதான் நடந்தது?

முதல்ல அந்த '1,000 கிராம்'ங்கிற எண்ணைப் பிரிச்சுப் பார்க்கலாம். டிரில்ல இருந்து வர்ற கோர், நம்ம மணிக்கட்டு தடிமன்ல ஒரு கல் உருளை. அதை நீளவாக்குல ரெண்டா அறுப்பாங்க. பாதி ஆய்வகத்துக்குப் போகும், பாதி பெட்டியிலயே இருக்கும். நான் வருஷக்கணக்கா அந்தப் பெட்டிகளுக்கு நடுவுல உட்கார்ந்து வேலை பார்த்தவன். வெள்ளித் தாது பளபளன்னு இருக்கும்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் கறுத்த கோடு மாதிரிதான் ஓடும். அந்தக் கோடு 30 சென்டிமீட்டர் அகலம், தரம் டன்னுக்கு 2,000 கிராம்னு வச்சுக்கோங்க. கேட்க அருமையா இருக்கும். ஆனா ஆளும் மெஷினும் உள்ள நுழைய ஒன்றரை மீட்டராவது வெட்டணும். அஞ்சுல ஒரு பங்கு தாது, நாலு பங்கு வெறும் கல். ஆலைக்குப் போறது 400 கிராம்தான். டிரில் வெயினைச் சாய்வா வெட்டியிருந்தா அகலம் இன்னும் கூடுதலாத் தெரியும். அதனாலதான் நான் எப்பவும் அறிவிப்புல உண்மையான அகலம் போட்டிருக்கான்னு தேடுவேன். போடாத அறிவிப்பை நான் மூடி வச்சிடுவேன்.

'வெள்ளிக்குச் சமமான அளவு'ன்னு ஒரு எண் போடுவாங்க பாருங்க, அதையும் சொல்லிடறேன். கூட இருக்கிற தங்கம், ஈயம், துத்தநாகத்தையெல்லாம் விலை போட்டு வெள்ளியா மாத்திச் சொல்ற எண் அது. தப்பில்ல. ஆனா அத்தனையும் வெள்ளின்னு நினைச்சுடக்கூடாது.

ஒரு டிரில் துளை ஒரு புள்ளி மாதிரி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல வெயின் தொடர்ந்து போகுதா, அறுந்து போச்சா? அது தெரிய துளைகளை நெருக்கமாப் போட்டுக்கிட்டே வரணும். நெருங்க நெருங்க, அனுமானிச்ச அளவுல இருந்து உறுதியான அளவுக்கு வரும். எடுக்கிற செலவு, விலை, ஆலையில எவ்வளவு பிரிஞ்சு வரும், இதெல்லாம் கணக்குப் பார்த்து லாபம்னு நின்ன பிறகுதான் அதை இருப்புன்னு சொல்லலாம். அனுமானிச்ச அளவை இருப்புல சேர்க்கவே கூடாதுன்னு விதியே இருக்கு. அறிவிப்பு வாசிக்கும்போது நம்ம ஆளுங்க தடுக்கி விழற இடம் பெரும்பாலும் இதுதான்.

ஹுவானிசிபியோவுல 2013 அக்டோபர்ல கீழே இறங்கிப் போற சரிவுப்பாதையை வெட்டத் தொடங்கினாங்க. லாரி ஓடுற அளவுக்கு. அது வருஷக்கணக்குல நடக்கிற வேலை. ஆலை கட்டலாம்னு முறைப்படி முடிவெடுத்தது 2019 ஏப்ரல்ல. செலவுக் கணக்கு 44 கோடி டாலர் வரைக்கும் போச்சு.

2021 கடைசியில ஆலை கட்டி முடிஞ்சது. கரண்ட் வரல. மின்கட்டமைப்போட இணைக்கிறதுக்கு அனுமதியும் சோதனையும் இழுத்துக்கிட்டே போய் ஒரு வருஷம் ஆலை சும்மா நின்னது. 2022 முடியும்போதுதான் இணைப்பு கிடைச்சது. தாது ரெடி, ஆலை ரெடி, பணம் ரெடி, ஒரு வயருக்காக ஒரு வருஷம்.

ஆனா அந்தக் காலத்துல அவங்க செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2020 ஆகஸ்ட்ல இருந்தே, வெட்டின தாதுவை லாரியில ஏத்திப் பக்கத்துல இருந்த கூட்டாளியோட ஆலைகளுக்கு அனுப்பிட்டாங்க. கைக்குக் காசும் வந்தது, தன்னோட தாது அரைக்கும்போது எப்படி நடந்துக்குதுன்னும் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதனால சொந்த ஆலை ஓடத் தொடங்கினதும் சில மாசத்துலயே நாளைக்கு 4,000 டன்னுங்கிற திறனைத் தொட்டுட்டாங்க. 2024ல 1.86 கோடி அவுன்ஸ் வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட 580 டன். 2025 செப்டம்பர்ல பான் அமெரிக்கன் சில்வர், மேக் சில்வரையே வாங்கிடுச்சு. பக்கத்துல ஆலை இல்லாத இடத்துல கிடைக்கிற வெள்ளிக்கு, இப்படி அடுத்தவங்க ஆலையில அரைச்சுக்கிற அதிர்ஷ்டம் கிடையாது.

இன்னொண்ணு, எல்லாத்தையும் விடப் பெரிசு. ஊர் மக்கள். குவாத்தமாலாவுல எஸ்கோபல்னு ஒரு சுரங்கம். 2014ல வணிக உற்பத்தியே தொடங்கி, வருஷத்துக்கு ரெண்டு கோடி அவுன்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அங்க இருக்கிற ஷின்கா பழங்குடி மக்களைக் கலந்து பேசவே இல்லைன்னு வழக்குப் போச்சு. 2017ல மக்கள் சாலையை மறிச்சாங்க, கோர்ட்டும் உரிமத்தை நிறுத்தி வச்சது. 2018ல அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், முறையாக் கலந்தாலோசிக்கணும்னு உத்தரவு போட்டது. 2025ல ஷின்கா நாடாளுமன்றம், அதாவது அந்த மக்களோட பிரதிநிதி அமைப்பு, சம்மதம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. தண்ணி அவங்களோடது, நிலம் அவங்களோடது. கேட்காம ஆரம்பிச்சதுதான் தப்பு. என் மனசுல இதுல ரெண்டு கருத்தே கிடையாது. டிரில் பண்ணப் போற முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சரி, நம்ம நாட்டுக்கு வர்றேன். வெள்ளிக்குன்னே தோண்டுற பெரிய சுரங்கம் இந்தியாவுல இல்ல. ஆனா வெள்ளி வருது. ராஜஸ்தான்ல ராஜ்சமந்த் மாவட்டத்துல சிந்தேசர் குர்த், ராஜ்புரா தரிபா, இந்த ஈய-துத்தநாகச் சுரங்கங்கள்ல ஹிந்துஸ்தான் ஜிங்க் எடுக்கிற தாதுல வெள்ளி கூடவே வருது. தாதுவை மாவா அரைச்சு, நுரையில மிதக்க விட்டு, ஈயம் செறிஞ்ச தூளா, அதாவது ஈயக் கான்சன்ட்ரேட்டாப் பிரிப்பாங்க. வெள்ளியில பெரும்பகுதி அதோட போகும். உருக்காலையில ஈயத்துல இருந்து பிரிச்சு, கடைசியில உத்தராகண்ட் பந்த்நகர்ல சுத்திகரிச்சுக் கட்டியா எடுக்கிறாங்க. உலகத்துலயும் பெரும்பங்கு வெள்ளி இப்படி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கத்தோட துணையாத்தான் வருது.