வாஞ்சூர் செக்போஸ்டுக்கு இரண்டு பக்கமும்

வணக்கம்.

பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்கிற திட்டம் ஒரே ஊருக்குள் நின்றுவிடக் கூடாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் போய்வருகிறவர்களுக்கு வாஞ்சூரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. செக்போஸ்ட் தாண்டியதுமே மதுக்கடைப் பலகைகள் ஆரம்பித்துவிடும். இந்தப் பக்கம் தமிழ்நாடு. அரசாங்கமே நடத்துகிற டாஸ்மாக், பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். அந்தப் பக்கம் புதுச்சேரி. உரிமம் வாங்கிய தனியார் கடைகள், விலையும் குறைச்சல். இந்தப் பக்கம் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அந்தப் பக்கம் 18 நிரம்பினால் போதும். அதாவது 19 வயதுப் பையனுக்கு நாகப்பட்டினத்தில் விற்றால் குற்றம். அதே பையன் ஒரு டிக்கெட் எடுத்துப் பஸ் ஏறினால் வாடிக்கையாளர்.

இது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954-இல் அவர்கள் போனார்கள், அவர்கள் போட்ட கோடு போகவில்லை. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தும்வரை இங்கே தடை, அங்கே கடை. எல்லை தாண்டிப் போய்க் குடிப்பது எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பிள்ளைகள் பாஷையில் பி.டி. வாத்தியார். வீடு திருமலைராயன்பட்டினத்தில், வேலை நாகை பக்கத்துப் பள்ளி ஒன்றில். ஓய்வு பெறும்வரை தினமும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போய் வந்தேன். அதனால் போதைத் தடுப்பு என்று யார் கூட்டம் போட்டாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: திட்டம் எந்த ஊருக்கு? "நம்ம நகராட்சிக்கு" என்பார்கள், "நம்ம ஒன்றியத்துக்கு" என்பார்கள். பையன் நகராட்சிக்குள்ளேயா இருக்கிறான்? காலையில் ஒரு ஊரில் பஸ் ஏறுகிறான், இன்னொரு ஊரில் படிக்கிறான், டியூஷன் மூன்றாவது ஊரில், கிரிக்கெட் நாலாவது ஊரில். திட்டத்துக்கு எல்லை போடுவதென்றால் அந்தப் பஸ் போகிற பாதையை வைத்துப் போடுங்கள். காரைக்கால், திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வடக்கே போனால் கோட்டுச்சேரி, பொறையார், தரங்கம்பாடி. அதுவும் இதே கதைதான். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெட்டிக்கடை அக்கா. பேர் வேண்டாம், இன்னும் கடை வைத்திருக்கிறார். எங்கள் பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கடை. கடலை மிட்டாய், பேனா, மோர் பாக்கெட், ரீசார்ஜ், அதோடு உதட்டுக்குள் வைத்துக்கொள்கிற அந்தப் புகையிலைப் பொட்டலமும். தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை செய்த சரக்குதான். மேலே தொங்காது, கேட்டால் கீழேயிருந்து வரும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோது நான் போய்ப் பேசினேன். சண்டையாகப் போகவில்லை. டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, "உங்க பேரன் ஆறாவது வந்துட்டானாமே" என்றுதான் ஆரம்பித்தேன்.

அக்கா நிறுத்திவிட்டார். உண்மையாகவே நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். "சாரே, இங்க வாங்க. நான் நிறுத்திட்டேன். புள்ளைங்க நிறுத்திச்சா? அடுத்த ஸ்டாப்புல எறங்கி வாங்கிட்டு நடந்து வருதுங்க. பொட்டலம் வாங்க வர்ற பய அப்புடியே ஒரு பேனா வாங்குவான், ஒரு மோர் குடிப்பான். அந்த யாவாரமும் எனக்குப் போச்சு. ஒரு வூட்ல மட்டும் கொசுவத்தி கொளுத்துனா கொசு செத்தா போவும்? பக்கத்து வூட்டுக்குப் போவும்."

எனக்குப் பதில் வரவில்லை. அக்காவே சொன்னார்: "சரக்கு போடுற ஆளு ஒருத்தன்தான் சார். டூவீலர்ல வருவான். நாகூருக்கும் அவன்தான், வாஞ்சூருக்கும் அவன்தான், பட்டினத்துக்கும் அவன்தான். செக்போஸ்ட்டெல்லாம் நமக்குத்தான். நீங்க ஒவ்வொரு கடையா வந்து டீ குடிக்கிறதுக்கு, லைன்ல இருக்குற எல்லாரையும் ஒரு நாள் ஒண்ணா உக்கார வைங்களேன்."

பாருங்கள், விற்பவர் பஸ் பாதையை வைத்துத்தான் திட்டம் போட்டிருக்கிறார். நாம்தான் நகராட்சி வரைபடத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உட்கார வைத்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், மதியம் கடை மந்தமாக இருக்கிற நேரத்தில். எல்லாரும் வரவில்லை. வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் நிறுத்துறாங்கன்னா நானும் நிறுத்துறேன், பக்கத்துக் கடைக்காரன் நிறுத்துவானா?" என்பதுதான். அதற்குத்தான் கூட்டமே. யாரும் தனியாக நஷ்டப்பட வேண்டாம் என்று ஆனபோது பாதிக் கடைகளுக்கு மேல் ஒப்புக்கொண்டன. நம்ம அக்கா ஒரு படி மேலே போய், பள்ளி விடுகிற நேரத்தில் சுண்டல் போட ஆரம்பித்தார். சுண்டலில் லாபம் அதிகம் என்று பிறகு எனக்கே கணக்குப் போட்டுக் காட்டினார்! வாரத்தில் இரண்டு நாள் மசாலா கூடுதலாகப் போடுவார், அன்றைக்கு வரிசை நிற்கும். சரி, சுண்டலில் ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் கிளம்பும் என்பதைப் பெரிய அளவிலேயே பார்த்தவர்கள் நாம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சிறிய ஊர்களுக்கு அதைப் பிறகு 220 மீட்டராகக் குறைத்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. மூடிய கடையை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? குடியிருப்புத் தெருக்களுக்குள். பெண்கள் விளக்குமாற்றோடு தெருவில் இறங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். தீர்ப்பின் நோக்கம் நல்லதுதான். கடை நகர்ந்தால் எந்தத் தெருவுக்குப் போகும் என்று முன்கூட்டி யாரும் யோசிக்கவில்லை.

சரி, பல ஊர் சேர்ந்து திட்டம் போடுவது எப்படி? முதலில் கேட்க வேண்டும். பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பேர் எழுதாத தாளில், வகுப்பாசிரியர் கையில் கொடுக்காமல், ஒரு பெட்டியில் போடுகிற மாதிரி. "நீ குடிக்கிறாயா" என்று மட்டும் கேட்டால் பாதிப் பொய் வரும். எந்த இடத்தில் கிடைக்கிறது, எந்த நேரத்தில், யார் முதலில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஐந்து ஊருக்கும் ஒரே கேள்வித்தாள்; இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஹாக்கின்ஸ், கேட்டலானோ என்ற இருவர், இப்படிப் பிள்ளைகளைக் கேட்டுத் திட்டம் போடுவதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். 7 மாநிலங்களில் 24 சிறு ஊர்கள், இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒரு ஊருக்கு மட்டும் திட்டம். எந்த ஊர் என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவு செய்தார்கள். அந்தந்த ஊர்க்காரர்களே மாணவர்களிடம் கணக்கெடுத்து, தங்கள் ஊரில் எது பெரிய ஆபத்து என்று இரண்டிலிருந்து ஐந்து காரணங்களைப் பொறுக்கி, அவற்றுக்கு மட்டும் வேலை செய்தார்கள். எல்லாவற்றையும் தொடவில்லை. எட்டாம் வகுப்பு வரும்போது அந்த ஊர்ப் பிள்ளைகளில் மது, சிகரெட், வாயில் வைக்கும் புகையிலை ஆகியவற்றைப் புதிதாகத் தொட்டவர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவு. வாயில் வைக்கும் புகையிலை! நம்ம அக்கா கடைப் பொட்டலத்துக்கு அங்கேயும் உறவுக்காரன் இருக்கிறான்.

நாம் என்ன செய்கிறோம்? ஜூன் 26, உலகப் போதை ஒழிப்பு நாள் வந்தால் ஊர்வலம். பதாகை, உறுதிமொழி, அழுகிப்போன நுரையீரல் படம், திருந்திய குடிகாரர் ஒருவரின் கண்ணீர்ப் பேச்சு. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளில், பயமுறுத்துவதும், வெறும் பேச்சும், பழைய போதையாளரைக் கூட்டிவந்து பேசவைப்பதும் பலன் தருவதில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். திருந்தியவரை நான் குறை சொல்லவில்லை. குடிக்கிறவருக்கு அவர் பேச்சு மருந்து. இன்னும் தொடாத பையனுக்கு அது சாகசக் கதையாகப் போய்விடும். "குடிச்சாரு, ரவுடியா இருந்தாரு, இப்ப மேடையில மாலை போடுறாங்க" என்று என்னிடமே ஒருவன் சொன்னான்.

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மாலை நாலரையிலிருந்து ஏழரை. பள்ளி விட்டாகிவிட்டது, அப்பா அம்மா வேலையிலிருந்து வரவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் பையன் எங்கே? மைதானம் இருக்கிறது, பந்தும் இருக்கிறது. கேட்டில் பூட்டு தொங்குகிறது, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டபோது, 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையாகும் அளவு குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி இந்த மாலை நேரத்து வேலைதான். விளையாட்டு, இசை, நாட்டியம் என்று பயிற்சி பெற்ற பெரியவர்கள் நடத்துகிற குழுக்கள், அவற்றில் சேரக் குடும்பங்களுக்குப் பண உதவி. 13-லிருந்து 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையில்லாமல் வெளியே திரியக் கூடாது என்று சட்டமே உண்டு.

பெரியவர்கள் நடத்துகிற குழு என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். சும்மா மைதானத்தைத் திறந்துவிட்டால் போதாது. கபடிப் போட்டி முடிந்ததும் பிரியாணியோடு என்ன வருகிறது என்று எங்கள் ஊர்ப் பையன்களைக் கேட்டால் தெரியும். கோப்பை கொடுக்க வருகிற பிரமுகரே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரு வாலிபால் லீக் வையுங்கள், மாலையில் மட்டும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. அவர் குடித்துவிட்டு வந்தால் அணிக்கே புள்ளி போகும். பெண் பிள்ளைகளுக்கும் அணி வேண்டும். "இருட்டிடும் சார்" என்பார்கள். லைட்டு போடுங்கள் ஐயா, திருவிழாவுக்குப் போடவில்லையா?

இரண்டு அரசாங்கம், இரண்டு போலீஸ், இரண்டு கல்வித்துறை, ஒன்றாக உட்காருமா என்று கேட்பார்கள். கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். நாகை, காரைக்கால், மயிலாடுதுறை மீனவக் கிராமங்கள் படகு பிடிபட்டாலும், வலைத் தகராறு வந்தாலும் ஒன்றாகக் கூட்டம் போடுகின்றன. அக்கரைப்பேட்டைக்காரரும் காரைக்கால்மேட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு பக்கமும் ஒரே தேதியில்தானே வருகிறது? அந்த 61 நாள்தான் ஆம்பிளைகள் கரையில் சும்மா இருக்கிற காலம், பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் கோடை விடுமுறை. திட்டத்தின் நாட்காட்டி ஜூன் 26-இல் அல்ல, ஏப்ரல் 15-இல் ஆரம்பிக்க வேண்டும். மீனவ ஊர்களின் நாட்டார் பஞ்சாயத்தை அழைக்காமல் கலெக்டர் ஆபீஸில் மட்டும் உட்கார்ந்து பேசினால் கடலோரத்தில் ஒன்றும் நடக்காது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம் என்று. நான் இன்னும் சட்டத்துக்கே வரவில்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மதுச் சட்டம் இரண்டு பக்கமும் வேறு. ஆனால் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் மத்தியச் சட்டம். 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவும் அப்படித்தான். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை. வாஞ்சூருக்கு இரண்டு பக்கமும் செல்லும். அதனால் வேலையை அதில் தொடங்குங்கள், வயது வித்தியாசத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். விலை வித்தியாசத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியில்லை. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், புதுச்சேரி தனி வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு அளவுக்கு ஏற்றியது. 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். மனசு வைத்தால் செய்யலாம் என்று ஆகிவிட்டது அல்லவா?

சிகிச்சை பற்றித் தனியாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று மட்டும். இதே டெல்டாவில், குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில், சென்னை டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையினர் 1989-லேயே கிராமத்தில் முகாம் போட்டு, சுற்றுவட்டாரக் குடிநோயாளிகளை 15 நாள் தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்களே இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். காரைக்காலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான், போய் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு வரலாம்.

எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் எழுத வேண்டாம், பின்னால் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு 14446. மனநல உதவிக்கு 14416. தமிழ்நாட்டுப் பக்கம் கள்ளச்சாராயம், போதைப்பொருள் விற்பதைச் சொல்ல 10581. இன்னொரு முறை: 14446, 14416, 10581. நேரம் முடிந்தது என்கிறார்கள். நன்றி, வணக்கம்.