முடியலை என்றால் முடியலைதான்

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிகிச்சையில் இருப்பவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உட்கார முடியவில்லை என்றால் பின்னால் பாய் விரித்து வைத்திருக்கிறோம், தாராளமாகப் படுத்துக்கொண்டே கேளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோ ஓடிய ஐந்தரை மாதமும் கூடவே இருந்தவன். முதலில் சிவப்பு மருந்து, அதாவது டாக்சோரூபிசின், இன்னொரு மருந்தோடு சேர்த்து 21 நாளுக்கு ஒரு தடவையாக நான்கு தடவை. அப்புறம் பாக்லிடாக்செல், வாரம் ஒன்று, 12 வாரம். முடி கொட்டும், வாந்தி வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அதனால் துண்டு, வாளி, எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்திருந்தோம். வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, பெரிதாக வரவில்லை. யாருமே சொல்லாத ஒன்று வந்தது. அசதி.

இரண்டாவது கீமோ முடிந்த முதல் இரண்டு நாள் அவள் படு சுறுசுறுப்பு. ராத்திரி தூங்கவே இல்லை, அலமாரியை எல்லாம் ஒழித்து அடுக்கினாள். எனக்குச் சந்தோஷம். கீமோவோடு கொடுக்கிற டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு செய்கிற வேலை அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அது நின்ற பிறகு, நாலாவது நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் இல்லை, வலி இல்லை. தோசை கருகிப் புகைந்துகொண்டிருந்தது, அடுப்பை அணைக்கக் கையைத் தூக்க முடியவில்லை அவளால். "முடியலைங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரி தூங்கியிருந்தா இப்படி ஆகுமா, மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்றேன். அந்த வார்த்தையை வேறு யாரும் தங்கள் வீட்டில் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

கல்யாண வேலை, அறுவடை வேலை முடிந்து வருகிற களைப்பு ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். இது போகாது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்து பல் தேய்த்தால் திரும்பவும் படுக்கத் தோன்றும். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது, நம் எலும்பு மஜ்ஜையில் ரத்த செல்கள் உருவாவதும் அப்படி வேகமாக நடக்கிற வேலைதான், அதனால் அதுவும் சேர்ந்து அடி வாங்குகிறது. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 8.4-க்கு இறங்கியது. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினோரு படி, ஐந்தாவது படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். சொந்தக்காரர்கள் பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் என்று வாங்கி வந்து குவித்தார்கள். சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் ரத்தம் ஊறுகிற இடமே அடி வாங்கிக் கிடக்கும்போது பீட்ரூட் ஜூஸை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையும் டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

எல்லா அசதிக்கும் ரத்தம்தான் காரணம் என்றும் இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களில் சிலருக்கு மெக்னீசியம், பொட்டாசியம் குறைந்து தசை தளர்ந்துபோகும். இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டுகிற சிகிச்சை, எடுப்பவர்களில் சிலருக்குத் தைராய்டு படுத்துவிடும், அப்போது தைராய்டு மாத்திரை கொடுத்தாலே நல்ல மாற்றம் தெரியும். தேடினால் கிடைக்கிற காரணங்கள் இவை, ஆனால் நாம் வாயைத் திறந்து சொன்னால்தானே அவர்கள் தேடுவார்கள்?

அசதி வேறு, பலம் போவது வேறு, இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதுதான் வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து, எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்த மருந்து. அதே மருந்து நரம்பையும் தாக்கும். சில பிள்ளைகளுக்குப் பாதம் தொங்கிப்போய் நடக்கும்போது கால்விரல் தரையில் இடறும். பிள்ளை காலை இழுத்து இழுத்து நடக்கிறான் என்றால் "ஒழுங்கா நட" என்று அதட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் பாக்லிடாக்செலின் எட்டாவது வாரம் இந்த நரம்புப் பாதிப்பு ரவிக்கைக் கொக்கியில் தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று கால் மணி நேரமாக முயற்சி செய்துகொண்டிருந்தாள். விரல் நுனி மரத்துப்போனதால் கொக்கி கைக்குத் தட்டுப்படவே இல்லை. கேட்டபோதுதான் சொன்னாள், இரண்டு வாரமாகவே இப்படித்தானாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இருக்கும். டாக்டர் அளவைத்தான் குறைத்தார், மிச்ச வாரங்களும் முடிந்தன. நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. "வீக்கா இருக்கு" என்றால் "கீமோ போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்ற பதிலோடு முடிந்துவிடும். ஒரு நர்ஸம்மாதான் எங்களுக்கு வழி சொன்னார். அசதியே இல்லை என்றால் 0, எழுந்திருக்கவே முடியாது என்றால் 10, தினமும் ஒரு எண் போடுங்கள் என்றார். 4 அல்லது அதற்கு மேல் போனால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். 6, 7, 8, 8, 5, 4. எண்ணுக்குப் பக்கத்தில் "துணி மடிக்க முடிந்தது", "குளித்ததும் படுத்தேன்" என்று ஒரு வரி. அதை டாக்டர் வாங்கிப் பார்த்தார், பக்கம் திருப்பிப் பார்த்தார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிறையக் கேள்வி கேட்டார்.

அப்புறம் நடை. படுத்தே கிடந்தால் தசை கரைந்து அசதி கூடத்தான் செய்யும், மெதுவான நடை அதைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பால் பூத் வரை, பத்து நிமிடம், கூட ஒருவர். காய்ச்சலோ மூச்சு வாங்கலோ இருக்கிற நாளில் வேண்டாம். கீமோ ஓடும்போது காய்ச்சல் 100.4 தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகு வலியோடு திடீரென்று கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் ஆனாலோ அதுவும் அப்படித்தான், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அவள் இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறாள். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இப்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கிற லெட்ரோசோல் மாத்திரை மட்டும், மூட்டு வலி உண்டு. நோட்டை இன்னும் விடவில்லை, இன்றைக்குக் காலையில் 3 போட்டிருந்தாள், பக்கத்தில் "கூட்டத்துக்குப் போகணும்". பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார், மைக்கை அங்கே கொடுங்கள். உட்கார்ந்தே பேசுங்கம்மா.