முதல் ஹைஸ்மன் கோப்பையும் வெறிச்சோடிய மைதானமும்: சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வரலாறு

[காட்சி: ரீஜென்ஸ்டைன் நூலகத்தின் முகப்பு]

வணக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இந்த நூலகம் நிற்கும் இடத்தில் முன்பு ஸ்டாக் மைதானம் இருந்தது. 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் செயற்கை அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது, அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான். அறிவியல் வரலாறு நன்கறிந்த இந்த மாடம் யாருக்காகக் கட்டப்பட்டது, அவர்கள் எங்கே போனார்கள் என்பதே இந்த வீடியோவின் பொருள்.

இங்கே ஃபுட்பால் என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் அமெரிக்க ஆட்டம்.

[காட்சி: அமோஸ் அலோன்சோ ஸ்டாக், பழைய நிழற்படம்]

1892 முதல் 1932 வரை 41 பருவங்கள் இந்த அணிக்குப் பயிற்சியளித்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக், பல்கலைக்கழக அணிகள் மோதும் பிக் டென் கூட்டமைப்பின் பட்டத்தை ஏழு முறை வென்று தந்தார். 1905 நவம்பரில், 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த மிச்சிகன் அணியைச் சிகாகோ 2–0 என வீழ்த்தியது. வால்டர் எக்கர்சால் உதைத்தனுப்பிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய மிச்சிகன் வீரர், தம் அணியின் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்பட்டதால் கிடைத்தவை அந்த இரண்டு புள்ளிகள்.

ஸ்டாக்கிடம் கற்றவர்கள் பிற பல்கலைக்கழகங்களுக்கும் சென்றார்கள். ஜெஸ்ஸி ஹார்ப்பர் நோட்டர் டேம் அணியின் பயிற்சியாளரானார். ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் 1938இல் மிச்சிகனின் பொறுப்பை ஏற்றார். அவர் பெயரை நினைவில் வையுங்கள்.

[காட்சி: ஜே பெர்வாங்கர்]

முன்னாள் மாணவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜே பெர்வாங்கர். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை எனப் பெயர் பெற்ற, சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அதற்கு முந்தைய ஆண்டு அவரை மடக்க முயன்ற மிச்சிகன் வீரர் ஒருவருக்கு இடக்கண்ணின் கீழ் ஏற்பட்ட தழும்பு கடைசிவரை மறையவில்லை. அந்த வீரர், பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜெரால்டு ஃபோர்டு. 1936இல் தொழில்முறை அணிகளின் தேசிய ஃபுட்பால் லீக், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதல் வீரர் தேர்விலும் முதற்பெயர் பெர்வாங்கருடையதே. எனினும் சம்பளத்தில் உடன்பாடு ஏற்படாததால் அவர் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கவேயில்லை.

[காட்சி: 1939ஆம் ஆண்டின் ஆட்ட முடிவுகள்]

அவர் பட்டம் பெற்று வெளியேறிய மூன்றாண்டுகளில் அணி நிலைகுலைந்தது. 1939இல் ஹார்வர்டிடம் 61–0, ஓஹாயோ ஸ்டேட்டிடம் 61–0, மிச்சிகனிடம் 85–0 எனத் தோற்றது. அந்த 85 புள்ளிகளைக் குவித்த அணியின் பயிற்சியாளர், சிகாகோவின் மைதானத்தில் விளையாடி வளர்ந்த அதே கிரைஸ்லர். பருவம் முடிந்ததும், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் விருப்பப்படி, அறங்காவலர்கள் அணியைக் கலைத்தார்கள்.

நுழைவுச்சீட்டு வசூலையும் கல்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற ஹட்சின்ஸின் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அவரைப் புகழ்பவர்கள், தோல்வி உறுதி என்று தெரிந்தும் வகுப்புகளை முடித்துவிட்டு வாரந்தோறும் களமிறங்கிய அந்த 1939ஆம் ஆண்டு மாணவர்களை மறந்துவிடுகிறார்கள். படிப்பே முதன்மை என்ற அவருடைய கொள்கையை மைதானத்தில் அடிபட்டுத் தாங்கியவர்கள் அவர்கள்தாம். அந்த அணியின் பயிற்சியாளர் கிளார்க் ஷானெஸ்ஸி, மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்று, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பருவத்தை முடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறை பயிற்சியில் இல்லை.

[காட்சி: ரேட்னர் விளையாட்டு மையம்]

1969இல் பல்கலைக்கழக அணி மீண்டும் களம் கண்டது. இன்று அது கல்லூரி விளையாட்டில் விளையாட்டு உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. பெர்வாங்கரின் அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்த அந்த முதல் ஹைஸ்மன் கோப்பையும், பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்துவிட்டது.