ராத்திரியில் கையை உதறுகிறீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கம்தான். இந்த உரைக்காக வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். "உடம்பு வலி" என்றேன். போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஆனால் ஓ.பி.யில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் வரிசை தொடங்கினால் மத்தியானத்துக்குள் நூறு சீட்டு தாண்டிவிடும். ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. வருகிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சீட்டை மேசையில் வைத்து, "உடம்பெல்லாம் வலி டாக்டரம்மா" என்பார். எங்கே என்று கேட்டால் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வேடிக்கை என்னவென்றால், இதே ஆட்கள் வீட்டில் வலியைப் பற்றிப் பேசினால் அவ்வளவு துல்லியமாகப் பேசுவார்கள். ரேஷன் கடையில் நின்றால் கால் கடுக்கும். மழைக்காலத்தில் முட்டி குடையும். படுத்தால் கெண்டைக்கால் உளையும். நகச்சுத்து விண்விண் என்று தெறிக்கும். திரும்பிப் படுத்தால் இடுப்பில் சுருக் என்று பிடிக்கும். பாதம் எரியும், மதமதவென்று இருக்கும். கடுப்பு, குடைச்சல், உளைச்சல், தெறிப்பு, பிடிப்பு, எரிச்சல், மதமதப்பு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வலி. பாதம் எரிகிறது, மதமதக்கிறது என்று ஒருவர் சொன்னால் என் புத்தி உடனே நரம்புக்கும் சர்க்கரைக்கும் போகும். விண்விண் என்றால் உள்ளே வீக்கமோ சீழோ இருக்கிறதா என்று பார்ப்பேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், வலியைச் சொல்லும் 78 சொற்களைத் திரட்டி, 20 குழுவாகப் பிரித்து, 1975-இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதை முதலில் படித்தபோது எங்கள் ஆச்சி ஞாபகம்தான் எனக்கு வந்தது. அவளிடம் கேட்டிருந்தால் திண்ணையில் உட்கார்ந்தபடியே பாதியைச் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் இந்தச் சொல்லெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

சரி, ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இதை நான் சொல்லாத இடமே இல்லை, என் மாணவர்களுக்கு மனப்பாடம்.

பீடி சுற்றுகிற அம்மா. ஐம்பதை ஒட்டிய வயது. நெல்லைப் பக்கத்து நேயர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடியில் சொளவு, அதாவது முறம், அதில் புகையிலைத்தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. இலையை அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்க வேண்டும். தலை குனிந்தபடியே இருக்கும். மணிக்கட்டு மடங்கி மடங்கி நிமிரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலை. அந்த அம்மா நாலைந்து மாதமாக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். கழுத்து வலி, தோள் வலி, உடம்பு வலி. மாத்திரை கொடுத்தோம், ஊசி போட்டோம். பீடி சுற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று நானே இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான்.

மூன்றாம் முறையோ நாலாம் முறையோ, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து போனவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா. ராத்திரி ரெண்டு மணி போல கை மரத்துப்போவுது. எந்திச்சு உக்காந்து உதறுதேன். அப்புறந்தான் உசுரு வருது" என்றார். சொல்லிவிட்டுக் கையை உதறியும் காட்டினார், தெர்மாமீட்டரை உதறுவோமே, அந்த மாதிரி.

ஒண்ணுமில்லையாம்! கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தேன். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல் நரம்பு ஒன்று அதற்குள் நுழைந்துதான் கைக்கு வருகிறது. அங்கே இடம் நெருக்கப்பட்டால் ராத்திரியில் கை மரத்து ஆளை எழுப்பிவிடும், உதறினால் விடும். மணிக்கட்டு வேலையாலும் இது வரும், கர்ப்பத்தில் வரும், சர்க்கரையில் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும். தைராய்டு என்று மனதில் பட்ட பிறகுதான் எதிரே இருந்த முகத்தையே சரியாகப் பார்த்தேன். கொஞ்சம் ஊதியிருந்தது. தோல் வறண்டிருந்தது. குரல் கரகரத்தது. அந்தக் குரலை நான் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன், புகையிலைத் தூசி என்று நினைத்திருக்கிறேன். மலச்சிக்கல் உண்டா? உண்டு. மற்றவர்களுக்கு வியர்க்கும்போது உங்களுக்குக் குளிருமா? "ஆமா, மருமவ சிரிப்பா" என்றார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு நன்றாகவே குறைந்திருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சில மாதம் கழித்து வந்தார். "கை உதறுதது நின்னுட்டு. உடம்பு வலியும் போயிட்டு. கழுத்துதான் நோவுது. அது பீடி வலி, அத விடுங்க" என்றார்.

நான் சொல்ல வருவது இதுதான். வாசலில் நின்று சொல்வதை உட்கார்ந்ததும் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், வாசலில் சொல்வதை முதலில் சொல்லுங்கள். இருக்கிற இரண்டு நிமிடத்தில் எனக்கு வேண்டியது மூன்று விஷயம். என்றைக்கு ஆரம்பித்தது, எந்த நேரத்தில் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது.

நேரம் என்பது பெரிய விஷயம். காலையில் விரல் மடங்கவில்லை, சேலைக் கொசுவம் பிடிக்க முடியவில்லை என்கிறீர்கள். எவ்வளவு நேரத்தில் இளகுகிறது? காப்பி போட்டு இறக்குவதற்குள் சரியாகிவிட்டால் பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம், அரை மணிக்குள் விட்டுவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் விரல் விறைப்பாகவே இருக்கிறது, மணிக்கணக்கில் ஆகிறது என்றால் முடக்குவாதமா என்று பார்த்தாக வேண்டும். அதைச் சீக்கிரம் பிடித்தால் மூட்டு கோணிப்போகாமல் காப்பாற்றலாம். அதேபோல இருபது, முப்பது வயதுப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் முதுகு வலி, விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புகிறது, எழுந்து நடந்தால் தேவலை, படுத்தால் கூடுகிறது என்றால், பைக் ஓட்டுகிறான் அதனால்தான் என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் வாதத்தில் ஒரு வகையாக இருக்கலாம். சிக்குன்குனியா வந்து போனதா என்பதையும் சொல்லுங்கள். 2006-இல் அது வீட்டுக்கு வீடு ஆட்களை முடக்கியது உங்களுக்கு மறந்திருக்காது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் நின்றது.

அப்புறம் இந்த ஸ்கேன். கையில் உறையோடு வந்து, "டிஸ்க் பிதுங்கிடுச்சாம்" என்று அழுகிற முகத்தோடு உட்காருகிறார்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். எண்பது வயதில் 84 சதவீதம். தலை நரைப்பது மாதிரி அதுவும் ஒன்று. பிதுக்கம் இருக்கிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

வலி மாத்திரைக்கு வருகிறேன். மருந்துக்கடையில் போய், "ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போடுகிறோமே, அதில் டைக்ளோஃபெனாக் ஒரு பழைய ஆள். மாட்டுக்கும் அதையே போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இப்போது நம் பக்கம் பாறுவைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்கு என்று போக வேண்டும். நாம் கழுகு கிடையாதுதான், டாக்டர் சொன்ன அளவில் சில நாள் சாப்பிட்டால் நமக்கு அப்படி ஆகாது. ஆனால் மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டு, வயிற்றில் புண்ணும் ரத்தப்போக்குமாக வந்தவர்களையும், சிறுநீரகம் கெட்டு வந்தவர்களையும் நான் நிறையவே பார்த்துவிட்டேன். ஆகவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்களோ, கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள். கொழுப்புக்குச் சாப்பிடும் மாத்திரையே சிலருக்குத் தசை வலியைத் தரும். அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், காட்டிக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். பிசியோதெரபி பற்றி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், கழுகு தின்றுவிட்டது. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் அது எலும்பு காசநோயாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். முதுகு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வராமல் அடைத்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்காரர் வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முழங்கால் பயிற்சி ஒன்று... இல்லை, அதற்கு நேரமில்லை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.